ஒரு ரைட் பேக் பார்த்த ஐஸ் ஹாக்கி

என் மாமனாருக்குக் கனடா என்றால் நயாகரா அருவி கிடையாது. மாண்ட்ரியல்தான், அதுவும் 1976. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகப் புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்குப் போனது அங்கேதான். 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கிலிருந்துகூடப் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா, அதற்கு முந்தைய வருடம் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வாங்கியிருந்த இந்தியா, மாண்ட்ரியலில் ஏழாவதாக வந்தது. அப்போது அவர் கோவில்பட்டியில் ரைட் பேக், அதாவது பின்வரிசையில் வலப்பக்கம் நின்று தடுத்தாடுகிறவர். அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பேச்சு வந்தால் குரல் மாறிவிடும். "ஆளு சரியில்லாம தோக்கல மாப்ளே. தரைய மாத்திட்டாங்க" என்பார்.

தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் கோவில்பட்டியை எல்லாருக்கும் தெரியும். அது ஹாக்கி ஊர் என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. வருடா வருடம் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கே நடக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன். மாமாவுக்கு ரயில்வே வேலை கிடைத்ததே ஹாக்கியால்தான். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, இந்தியா ஆடாத ஆட்டத்துக்கும் மதுரைக்குப் பஸ் ஏறியவர் அவர்.

அப்படிப்பட்டவர் ஜனவரி மாதம் கனடாவில், டொராண்டோ பக்கம் விட்பியில் இருக்கும் எங்கள் வீட்டில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல. எங்கள் பக்கம் மாமனாரும் மருமகனும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே பாதி வாழ்நாளைக் கழித்துவிடுவார்கள். "சாப்டீங்களா மாப்ளே", "ஆச்சு மாமா, நீங்க?" என்பதோடு முடிந்துவிடும். டிவியில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஓடினால் பக்கத்தில் வந்து உட்காருவார், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார். "பந்தே கண்ணுல நிக்க மாட்டேங்குது" என்றார் ஒரு நாள். சரி, நேரில் கூட்டிப் போய்விடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஐஸ் ஹாக்கியை ஒருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் உள்ளூர் ஜூனியர் ஆட்டத்துக்குத்தான் கூட்டிப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்.எச்.எல். என்ற பெரிய தொழில்முறை லீக்கின் ஸ்டான்லி கோப்பையை லீஃப்ஸ் கடைசியாக வாங்கியது 1967இல், ஆனாலும் டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். அதில் ஒரு சின்னப் பங்கைக் கொடுத்தால் பக்கத்து ஊரான ஓஷாவாவில், கண்ணாடியிலிருந்து மூன்று வரிசை தள்ளி உட்காரலாம். ஆடுகிறவர்கள் 16 முதல் 20 வயதுப் பையன்கள். வேகத்தில் பெரிய குறை இருக்காது, தப்பு நிறைய செய்வார்கள். தப்பு நடக்கிற ஆட்டத்தில்தான் ஆட்டத்தின் அமைப்பு வெளியே தெரியும்.

ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் ஆடும் ஓஷாவா ஜெனரல்ஸ் 1937இல் தொடங்கிய அணி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் வந்ததால் அந்தப் பெயர். ஊரே கார் தொழிற்சாலையால் வளர்ந்த ஊர். 2019 டிசம்பரில் அங்கே கார் தயாரிப்பை நிறுத்தியபோது இந்த வட்டாரம் முழுக்க இழவு வீடாகக் கிடந்தது. 2021இல் மறுபடி ஆரம்பித்தார்கள். அரங்கில் இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள்தான் அதிகம். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே சிவப்பு ஜெர்சியில் வருவதைப் பார்க்கலாம்.

நாங்கள் போன அன்று எதிரணி பீட்டர்பரோ பீட்ஸ். அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர், பழைய பகை. 2006இல் திறந்த, ஐயாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரக்கூடிய அரங்கு. மாமா குல்லா, மப்ளர், உள்ளே இரண்டு ஸ்வெட்டர் என்று வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் பார்த்தது தரையை இல்லை, கூரையைத்தான். அங்கே தொங்கும் எண்கள் யாருடையவை என்று கேட்டார்.

2ஆம் எண் பாபி ஓர். 1962இல் 14 வயதில் இந்த அணிக்கு வந்து, பிறகு பாஸ்டனுக்குப் போய், டிஃபென்ஸ்காரன் என்றால் பின்னாலேயே நிற்கத் தேவையில்லை என்று ஆடிக் காட்டியவர். 88 எரிக் லிண்ட்ரோஸ். அவர் இருந்தபோது, 1990இல், அணி கனடா ஜூனியர் ஹாக்கியின் பெரிய கோப்பையான மெமோரியல் கோப்பையை வாங்கியது. 9ஆம் எண் ரெட் டில்சன். அவர் என்.எச்.எல். பக்கமே போகவில்லை. 1942-43 சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர், படையில் சேர்ந்து 1944இல் நெதர்லாந்தில் கொல்லப்பட்டார். லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் கோப்பைக்கு அவர் பெயர்தான். மெமோரியல் கோப்பையும் முதல் உலகப் போரில் இறந்த கனடியர்களின் நினைவாக 1919இல் வைத்ததுதான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மாமா 9ஐயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேசிய கீதத்துக்கு எழுந்தபோது குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் கடையில், ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் பக் ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், முழுக்கக் கெட்டி ரப்பர். ஆட்டத்தில் பயன்படுத்துவதை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் துள்ளும். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் நகத்தை ஓட்டினார். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டு, "நம்ம பந்து எடைதான் இருக்கு மாப்ளே" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். பக் 156 முதல் 170. கிரிக்கெட் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். இத்தனை வருடம் மூன்று விளையாட்டையும் பார்க்கிற எனக்கு இது தோன்றியதே இல்லை. அவருடைய உள்ளங்கை ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்து கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் முழங்கையைத் தொட்டு, "பாதிப் பேருக்கு மேல இடக்கையா இருக்கானுவ?" என்றார்.

அவர் கேட்டதன் அர்த்தம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் ஹாக்கியில் இடது கை மேலே, வலது கை கீழே. பிறவியிலேயே இடக்கைக்காரராக இருந்தாலும் அதே பிடிதான், ஏனென்றால் மட்டை ஒரே வகை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, பந்தைத் தட்டைப் பக்கத்தால்தான் தொடலாம். ஐஸ் ஹாக்கியில் மட்டை இரண்டு வகையாக வருகிறது, இரண்டு பக்கத்தாலும் ஆடலாம். கனடியப் பையன்களில் நிறையப் பேர் வலது கையை மேலே வைத்துப் பிடிக்கிறார்கள், வலக்கைக்காரர்கள்கூட. மாமாவுக்கு அது தன் ஆட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பதாகத் தெரிந்திருக்கிறது. ஒரு ரைட் பேக் எந்தப் பக்கம் ஆளைத் தள்ளுவது, எந்தப் பக்கம் வழி விடுவது என்று பழகிய கணக்கெல்லாம் இங்கே ஆளுக்கு ஆள் மாறுகிறதே என்றார். மாறுகிறதுதான்.

அடுத்து அவர் பிடித்தது சுவர். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஹாக்கி மைதானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதைச் சுற்றிப் பலகையும் கண்ணாடியும். வெளியே போகிற கோடே கிடையாது. பக் ரசிகர்கள் பக்கம் தாவினால்தான் ஆட்டம் நிற்கும். நான் இதை மோதுகிற இடமாகத்தான் எப்போதும் பார்த்திருந்தேன். மாமா, ஒரு பையன் பக்கைப் பலகையில் அடித்து, எதிராளியைச் சுற்றிப் போய், திரும்பி வந்த அதே பக்கைத் தானே வாங்கிக்கொண்டதைக் காட்டி, "செவுத்தோட பாஸ் போட்டு ஆடுறான் பாருங்க" என்றார். அப்புறம் நான் அதை மட்டுமே எண்ண ஆரம்பித்தேன். எவ்வளவு பாஸ் சுவர் வழியாகப் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விதிகளைச் சொல்லிக் கொடுப்பது எளிதாக இருந்தது. எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைப் பக் தாண்டுவதற்குள் ஆள் தாண்டினால் ஆஃப்சைட் என்றதும் முகம் மலர்ந்தது. நம் ஹாக்கியில் ஆஃப்சைடை 1998இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஆடிய பின்வரிசைக்காரர்களுக்கு அது இன்றைக்கும் மனத்தாங்கல். தப்பு செய்தவன் இரண்டு நிமிடம் பெட்டியில் உட்கார வேண்டும் என்றபோது, "நம்ம பச்சை அட்டையும் ரெண்டு நிமிசந்தான்" என்றார். தன் பாதியிலிருந்து பக்கைச் சும்மா எதிர்முனைக் கோட்டைத் தாண்டி அடித்துவிட்டால் ஐஸிங் என்று நிறுத்தி, அடித்த அணியின் கோலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆரம்பிப்பார்கள், அந்த நேரத்தில் அந்த அணி ஆள் மாற்றவும் முடியாது. இதை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆள் மாற்றம்தான் அவரை ஆச்சரியப்படுத்தியது. ஆட்டம் ஓடும்போதே, முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு கூட்டம் பலகையைத் தாண்டி உள்ளே குதிக்கிறது, இன்னொரு கூட்டம் வெளியே வருகிறது. வெளியே வருகிற பையன்களின் மூச்சைப் பாருங்கள் என்றேன். ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தின் மூன்று பீரியடில் இரண்டாவதில் ஒரு இடம். பீட்டர்பரோ பையன் ஒருவன் நடுக்கோட்டில் பக்கைப் பிடித்து, இடது ஓரமாக முழு வேகத்தில் வந்தான். எதிரே ஒரே ஒரு டிஃபென்ஸ் பையன். அவன் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே போகிறான். முழங்கால் மடிந்திருக்கிறது, ஒரே கையில் மட்டை முன்னால் நீண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மட்டை நீளம். எதிரே வருகிறவன் வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இடைவெளி மாறவே இல்லை. வந்தவன் பக்கை உள்ளே இழுத்துப் பார்த்தான், தோளைச் சாய்த்துப் பார்த்தான். இவன் மசியவில்லை. ஓரமாகவே தள்ளிக்கொண்டு போய், பலகை நெருங்கியதும் மட்டை நுனியால் பக்கை ஒரே தட்டு. முடிந்தது. பக் அடுத்த முனைக்குப் போய்விட்டது. அரங்கில் பெரிதாகக் கைதட்டல்கூட இல்லை.

மாமா எழுந்து நின்றிருந்தார்.

"அவன் பந்தையே பாக்கல மாப்ளே. நெஞ்சப் பாத்துக்கிட்டே போனான். கால் ஏமாத்தும், கை ஏமாத்தும், பந்தும் ஏமாத்தும். நெஞ்சு ஏமாத்த முடியாது. இதச் சொல்லிக் குடுக்க எங்க வாத்தியார் எங்க கையக் கட்டிப் போட்டு ஓட விடுவாரு." உட்காராமலே பேசினார். "அதுவும் இவன் பின்னால பாக்காம, பின்னாலயே போறான். நாங்க மண்ணுல ரெண்டு எட்டு பின்னால வச்சாத் தடுக்கும்."

அந்தப் பையனின் எண்ணைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஆட்டம் எங்கே நடந்தாலும் அவர் கண் அவன் மேல்தான் இருந்தது. அவனோடு நானும் போனேன். பக் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான், எந்த நேரத்தில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான், கோல்கீப்பரிடம் என்ன கத்துகிறான் என்று. டிவி இதைக் காட்டாது. கேமரா பக்கின் பின்னாலேயே ஓடுகிறது. நேரில் பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அரங்கில் எங்கே பார்ப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

இடைவேளையில் ஜாம்போனி வண்டி வந்தது. 1949இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி என்பவர் செய்த வண்டி. கீறலைச் சுரண்டி எடுத்துக்கொண்டே பின்னால் தண்ணீர் விட்டுப் போகும். அது சுடுதண்ணீர் என்றேன். சூடான நீர் மேல் தளத்தைக் கொஞ்சம் இளக்கி அதோடு சேர்ந்து உறைவதால் தரை சமமாக வரும். மாமா தலையாட்டினார். மேட்ச் அன்று விடியற்காலையில் களத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்தவர் அவர், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மாமா எழுந்து நின்றதைப் பார்த்துச் சிரித்துப் பேச்சுக் கொடுத்தார். அவர் வீட்டில் இந்த அணியின் பையன் ஒருவன் தங்கியிருக்கிறானாம். இந்த லீக்கில் இது வழக்கம். வெளியூர்ப் பையன்கள் அணி பார்த்துக் கொடுக்கும் குடும்பங்களின் வீட்டில் தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே ஆடுவார்கள். 16 வயதில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மாமா என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்ட முதல் கேள்வி: "சாப்பாடு யார் போடுறது?" அந்த அம்மாதான். ஆட்டம் இருக்கிற நாளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவானாம், வீட்டில் ஒருத்தரும் சத்தம் போடக் கூடாதாம். தோற்றுவிட்டு வந்தால் யாரோடும் பேசாமல் நாயோடு உட்கார்ந்திருப்பானாம். அவனைப் பெற்ற அம்மா ஊரிலிருந்து தினமும் கூப்பிடுவாராம், அவனை இல்லை, இவரை.

கோவில்பட்டியில் அரசு விளையாட்டு விடுதி உண்டு. வெளி மாவட்டப் பையன்கள் அங்கே தங்கிப் படித்து ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் நாலைந்து பேர் மாமா வீட்டில்தான் சாப்பிடுவார்களாம், அத்தை கறிக்குழம்பு வைப்பார்களாம். இதை அந்த அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே நானும் முதல்முறையாகக் கேட்டேன். என் மனைவிகூட என்னிடம் சொன்னதில்லை, அவளுக்கு அது அந்த வீட்டின் சாதாரண ஞாயிறு. அந்த அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இந்தப் பையன்களில் பெரும்பாலானவர்கள் என்.எச்.எல்.லுக்குப் போகப் போவதில்லை. அப்புறம் என்ன செய்வார்கள் என்று கேட்டார் மாமா. லீக்கில் ஒரு சீசன் ஆடினால் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு என்றேன். "அது போதும்" என்றார். வேலைக்கு ஒரு வழி என்ற அளவிலேயே ஹாக்கிக்கு நன்றியோடு இருக்கிறவர்.

மூன்றாம் பீரியடில் சண்டை வந்தது. கையுறைகள் தரையில் விழுந்தன, ஜெர்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் குத்திக்கொண்டார்கள், நடுவர்கள் சுற்றி நின்று காத்திருந்தார்கள். அரங்கமே எழுந்து கத்தியது. மாமா உட்கார்ந்தபடியே, "ஏன் விலக்கிவிட மாட்டேங்குறாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இது ஆட்டத்தின் மரபு, பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2008 டிசம்பரில் எங்கள் ஊர் அணியான விட்பி டன்லப்ஸில் ஆடிய 21 வயது இளைஞர் ஒருவர் இப்படி ஒரு சண்டையில் ஹெல்மெட் கழன்று விழுந்து, பனித்தரையில் தலை மோதி, அடுத்த மாதம் இறந்துபோனார். கியூபெக் ஜூனியர் லீக் 2023இல் சண்டையையே தடை செய்துவிட்டது. ஒன்டாரியோ லீக் 2016இல் ஒரு ஆட்டக்காரருக்கு சீசனுக்கு மூன்று சண்டை என்று வரம்பு வைத்தது, அதைத் தாண்டினால் சஸ்பென்ஷன். மூன்று எதற்கு? தோற்றுவிட்டு வந்தால் தங்கியிருக்கிற வீட்டு நாயோடு உட்கார்ந்திருக்கிற 17 வயதுப் பையன்கள் இவர்கள். பக்கத்திலிருந்த அந்த அம்மா சண்டை முடிகிற வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஓஷாவா ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. கடைசி ஒன்றரை நிமிடம் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கினார்கள், கோல் திறந்து கிடந்தது, மாமா இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஷாட் கம்பத்தில் பட்ட ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கோல் வரவில்லை. அவருடைய டிஃபென்ஸ் பையன் அன்று கோலும் போடவில்லை, கோலுக்குப் பாஸும் கொடுக்கவில்லை. மறுநாள் செய்தியில் அவன் பெயர் இல்லாததற்கு மாமா கோபப்பட்டார்.

காரில் ஏறியதுமே பீட்டர்பரோவில் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். அங்கே மெமோரியல் சென்டர் 1956இல் கட்டிய அரங்கு, ஓஷாவாவைவிடச் சின்னது. டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் எங்கே உட்காருவது என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. கீழே இருந்தால் பக்கத்தில் வருகிறவன் மட்டும்தான் தெரிகிறான், மேலே போனால் ஐந்து பேரும் எப்படி நிற்கிறார்கள் என்று தெரியும், பேக்குக்கு அதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. ஸ்கேட் தரையைக் கிழிக்கிற சத்தமும் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தமும் மேலே வராது என்பது என் கட்சி. முதல் பீரியட் அவர் சொல்கிற இடம், அப்புறம் கீழே காலி இருக்கை தேடுவது என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம். அத்தையும் வருகிறேன் என்கிறார்கள்.